இளமானும் எய்வோன் அறமும்

மனிதன் ஏர் பிடிக்கக் கற்பதற்கு முன்னரே வில் பிடிக்கக் கற்றான். வில் பிடித்த நாள் முதல், எதை எய்யலாம், எதை எய்யலாகாது என்னும் வினாவும் அவனைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. நம் நாட்டைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையான கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கத்தையும் ஒழித்தது. ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மான்கள் சட்டப்படியே வேட்டையாடப்படுகின்றன. அங்குள்ள வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. இளங்கன்றையோ, கொம்பு முற்றாத சிறு மானையோ சுடலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு.

நாட்டில் வேட்டையே இல்லாதபோது நமக்கேன் இவ்வாராய்ச்சி என்று அன்பர்கள் வினவலாம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்க்கு இங்கு வழக்கே இல்லை என்பதும் உண்மையே. கன்றாயினும் கலையாயினும் அவர்க்குக் கொலை கொலையே. அந்நெறியை நாம் வணங்குகின்றோம். ஆனால், கொல்லும் தொழிலின் உள்ளேயே நின்றுகொண்டு, ‘இதை மட்டும் செய்யேன்’ என்று ஒருவன் கோடு கிழிப்பானாயின், அக்கோட்டை அவன் எங்கே கிழிக்கிறான், ஏன் கிழிக்கிறான் என்று காண்பது பயனுடையது. குற்றமே செய்யாதவன் உலகில் அரியவன். செய்யும் செயலுக்கு எல்லை தேடுபவர்களாகவே நம்மிற் பெரும்பாலோர் வாழ்கின்றோம்.

சேக்கிழார் காட்டும் வேடர்

இவ்வினா மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் வரலாற்றைப் பாடும் சேக்கிழார் பெருமான், உடுப்பூர்த் திண்ணனாரின் கன்னி வேட்டையை விரிவாக வருணிக்கின்றார். காட்டை வலையால் வளைத்து, நாய்களை ஏவி, விலங்குகளைக் கலைத்து எய்யும் பெருவேட்டை அது. அம்பும் குருதியுமாக விரியும் அக்காட்சியின் நடுவே, அவ்வேடர் எவற்றைச் செய்யவில்லை என்பதைச் சொல்வதற்கென்றே ஒரு பாடலை ஒதுக்குகின்றார் புலவர். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லையாம். சிறு குருளைகளைக் கொல்லவில்லையாம். கருவைச் சுமந்து அடி தளர்ந்து நடக்கும் பிணைமானை வருத்தவில்லையாம்.

சேக்கிழார் வேடரல்லர், 12-ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசில் அமைச்சராக விளங்கிய பெருமகனார். நாகரிகம் அற்றவர் என்று நகரத்தார் கருதக்கூடிய ஒரு குலத்தாரிடம் இத்தகைய வரம்பு இருந்ததாக அவர் பாடியது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் அவ்வேடர் ஏன் அவற்றை விட்டனர் என்பதை அப்பாடல் கூறவில்லை. இரக்கத்தாலா? நாளைய வேட்டைக்கு விதை வேண்டும் என்னும் எண்ணத்தாலா? எதிர்த்து நில்லாததை எய்வது வீரமன்று என்னும் மானத்தாலா? புலவர் சொல்லாது விட்ட இக்காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில், இன்றைய வேட்டைக்காரர்களின் வழக்கும் இம்மூன்று காரணங்களைச் சுற்றியே சுழல்கிறது.

விடுவோர் கூறும் மூன்று காரணங்கள்

முதலாவது இரக்கம். புள்ளி மாறாத இளங்கன்று மனிதனைக் கண்டு ஓடவும் அறியாது நிற்கும். அதன்மேல் துப்பாக்கியை நீட்டக் கை கூசுகிறது என்று சொல்லும் வேட்டைக்காரர் பலர். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மனித நெஞ்சின் இயல்பு அது.

இரண்டாவது விதை காத்தல். இதற்கு வியாச பாரதத்தின் வனபருவத்தில் அழகியதொரு நிகழ்ச்சி உண்டு. பாண்டவர் துவைத வனத்தில் தங்கி நாள்தோறும் மான்களை வேட்டையாடி உண்டு வருகின்றனர். ஓரிரவு தருமபுத்திரனின் கனவில் மான்கள் கண்ணீருடன் தோன்றுகின்றன. தம் இனத்தில் விதைபோல எஞ்சியிருப்பவை சிலவே என்றும், தாம் மீண்டும் பெருகுமாறு வேறிடம் செல்லவேண்டும் என்றும் வேண்டுகின்றன. தருமன் விழித்தெழுந்து, தம்பியரிடம் கூறி, காமியக வனத்திற்குப் பெயர்ந்து செல்கிறான். வேட்டையையே கைவிடுமாறு அம்மான்கள் வேண்டவில்லை என்பதை நாம் உற்று நோக்கவேண்டும். இனம் அற்றுப்போகாத அளவு வேண்டும் என்பதே அவற்றின் மன்றாட்டு.

மூன்றாவது காரணம் பெருமை. பெருங்கொம்பை வீட்டுச் சுவரில் மாட்டிவைக்க விரும்புபவன், சிறு கொம்புள்ள மானைச் சுடாமல் விடுகிறான். இன்று விட்டால் மூன்றாண்டில் கொம்பு பெருகும் என்பது அவன் கணிப்பு. நீலகிரியில் வேட்டையை விளையாட்டாகக் கொண்ட ஆங்கிலேயர் 1877-ஆம் ஆண்டில் தமக்குள் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்குச் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமும் வந்தது. அதனால் மலையில் உயிர்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காப்பு, தொடர்ந்து சுடுவதற்காகச் செய்த காப்பு என்பதையும் மறத்தற்கில்லை.

கன்றை விடுதல் என்னும் ஒரே செயலின் பின்னே, ஈரமும் சிக்கனமும் செருக்கும் ஆகிய மூன்று வெவ்வேறு மனங்கள் நிற்கின்றன. ஆதலின், ‘விட்டான், ஆகவே நல்லவன்’ என்று உடனே தீர்ப்புக் கூறுதல் இயலாது.

எய்வோர் தரப்பு

இனி, எதிர்த்தரப்பார் கூறுவதையும் செவிமடுத்தல் முறையாகும். அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டுகளாகக் கொம்புள்ள கலைமானை மட்டுமே சுடுவது சட்டமாக இருந்தது. பிணையையும் கன்றையும் விடுவதே ஆண்மகனுக்கு அழகு என்று தந்தை மகனுக்குக் கற்பித்தான். மறுபுறம், மானைத் தின்னும் ஓநாய்களைக் கொன்றால் அரசே பரிசளித்தது. விளைவு, மான்கள் பெருகின. காட்டின் இளமரக் கன்றுகளை எல்லாம் மேய்ந்து தீர்த்தன. பனி மூடிய மாதங்களில் வளர்ந்த மான் கழுத்தை நீட்டி எட்டும் உயரம் வரை தழை ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த உயரத்தை எட்டமாட்டாதது எது? இளங்கன்றே. பசியில் முதலில் மடிந்ததும் அதுவே. நவம்பர் மாதத்தில் வேட்டைக்காரன் இரங்கி விட்ட கன்று, பிப்ரவரியில் பனியின்மேல் எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

அம்மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினராக இருந்த ஆல்டோ லியோபோல்டு என்னும் அறிஞர், கொம்பில்லாத மான்களையும் சுட வேண்டும் என்று வாதிட்டார். 1943-ஆம் ஆண்டில் அவ்வாறே அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 1,28,000 மான்கள் சுடப்பட்டன. பிணைகளும் கன்றுகளும் வீழ்ந்தது கண்டு வேட்டைக்காரர்களே கொதித்தெழுந்தனர்; ‘நாற்பத்து மூன்றின் குற்றம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். லியோபோல்டு கடுமையான ஏச்சுக்கு ஆளானார். இளமையில் ஓநாய்களைச் சுட்டவர் அவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று அக்காலத்தில் எண்ணியதாகவும், பின்னர் மலையே மொட்டையாகி மான்கள் பட்டினியால் மடிவதைக் கண்டு தெளிந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1949-இல், அந்நூல் வெளிவந்தது.

சுவீடன் நாட்டு வழக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. மான் குடும்பத்திலேயே மிகப் பெரியதாகிய மூஸ் என்னும் விலங்கு அங்கு மிகுதி. 1970-களில் தொடங்கி, வளர்ந்த பிணைகளை விட்டுக் கன்றுகளையே மிகுதியாகச் சுடும் முறையை அந்நாட்டார் மேற்கொண்டனர். வளர்ந்த பிணை மேலும் பல ஆண்டுகள் ஈனும். கன்றோ முதல் ஆண்டைக் கடப்பதே அரிது. ஆதலின் மந்தையின் வலிமை தாயிடமே உள்ளது என்பது அவர்கள் கணக்கு. வெட்டிய காடுகளில் தழைத்த இளமரங்களும் ஓநாய்கள் இன்மையும் அதற்குத் துணைசெய்தன. 1982-ஆம் ஆண்டில் 1,70,000-க்கும் மேற்பட்ட மூஸ்கள் சுடப்பட்டன. கன்றைச் சுட்டதனால் இனம் அழியவில்லை, பெருகவே செய்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலோ இதற்கு மறுதலையான விதி வந்தது. அங்குச் சுடப்பட்ட கலைகளிற் பெரும்பகுதி ஒன்றரை வயது இளங்கலைகளாகவே இருந்தன. எனவே, 2002-ஆம் ஆண்டு முதல், ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளைகளேனும், சில பகுதிகளில் நான்கு கிளைகளேனும் உள்ள கலையையே சுடலாம் என்று விதித்தனர். அதே வேளையில் பிணைகளை மிகுதியாகச் சுடுமாறு தூண்டினர். ஓரிடத்தில் இளையதை விடு என்றும், வேறோரிடத்தில் இளையதையே சுடு என்றும் அறிவுடையோர் கூறுகின்றனர் என்றால், அறம் வெறும் வயதிலோ உருவத்திலோ இல்லை என்பது தெளிவாகிறது அன்றோ?

தாயற்ற கன்று

அங்ஙனமாயின் அது எதில் உள்ளது? இவ்வழக்கில் இரு தரப்பாரும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. தாயை இழந்த கன்றைக் காட்டில் தவிக்கவிடலாகாது என்பதே அது.

செர்மன் நாட்டு வேட்டைச் சட்டம், குட்டிகள் தாமே பிழைக்கும் பருவம் எய்தும் வரை அவற்றை வளர்க்கும் பெற்றோரை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. அப்பருவத்திற்குப் பின்னரும், தாயும் கன்றும் சேர்ந்து வந்தால், முதலில் கன்று, பின்னரே தாய் என்பது அந்நாட்டு வேட்டைக்காரர் போற்றும் முறை. கேட்ட அளவில் நெஞ்சு நடுங்குகிறது. தாயின் கண் முன்னே கன்றைக் கொல்வதா என்று பதறுகிறோம். ஆனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். தாய் வீழ்ந்தபின் கன்று தப்பி ஓடினால், பால் மறந்ததாயினும் குளிர்காலத்தைத் தனியே கடக்க அது பெரிதும் இடர்ப்படும். தாயைச் சுட்டுவிட்டுக் கன்றுக்கு இரங்கி அதனை விட்டவன், ஒரு நொடியில் முடியும் சாவுக்கு மாற்றாக நெடுநாட் சாவை அதற்கு அளித்தவனாகிறான். அச்சாவை அவன் காண்பதில்லை. வீட்டிற்குச் சென்று தன் இரக்கத்தை எண்ணி மகிழ்ந்துகொண்டிருப்பான்.

நம் முன்னோர் இந்தத் தாயற்ற கன்றை மறந்தாரில்லை. பாண்டியனின் வேட்டையில் தாய்தந்தையரை இழந்த பன்றிக் குட்டிகளுக்குச் சொக்கநாதப் பெருமானே தாய்ப்பன்றியாகி முலை கொடுத்தார் என்கிறது திருவிளையாடற் புராணம். வேடன் வலையில் அகப்பட்ட பிணைமான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப வேண்டும் என்பதற்காக நபிகள் நாயகம் தாமே பிணை நின்ற வரலாற்றைச் சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் உருக்கமாகப் பாடியுள்ளார். அம்பு பட்ட உயிரோடு வேட்டை முடிவதில்லை, அதனை நம்பியிருக்கும் வேறோர் உயிர் புதருக்குள் காத்திருக்கிறது என்னும் நினைவே இவ்விரு கதைகளுக்கும் உயிர்நாடி. சமயம் வேறாயினும் தமிழ் நெஞ்சம் ஒன்றே என்பதற்கும் இவை சான்று.

கண்ணோட்டமும் கருமமும்

இரக்கத்தைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொற்களுள் ‘கண்ணோட்டம்’ என்பது மிக நுட்பமானது. கண்ணிற் பட்டவர்பால் நெஞ்சம் ஓடுதல் என்பது அதன் பொருள். அவ்வதிகாரம் முழுவதும் கண்ணோட்டத்தைப் புகழ்ந்துரைக்கும் அப்பெருந்தகை, செய்ய வேண்டிய செயலுக்குக் கேடு வாராமல் கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்று ஒரு வரம்பையும் வைக்கிறார். நம் வழக்கிற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது எம் கருத்து.

கண்ணின் இரக்கம் முன்னே நிற்கும் கன்றைக் காண்கிறது. அது நல்லதே, அஃதில்லாத நெஞ்சம் மரம். ஆனால், அதன் பின்னே பட்டினி கிடக்கப்போகும் நூறு கன்றுகளையும், முளைக்காமற் போன மரங்களையும் கண் காண்பதில்லை. அவற்றைக் காண்பது அறிவு. ஓநாயையும் புலியையும் அழித்த மனிதன், அவை செய்துவந்த வேலை தன் தலைமேல் விழுந்திருப்பதை அறியவேண்டும். புலி கொம்பின் அழகைப் பார்த்து இரை தேடுவதில்லை. இளையதும் நலிந்ததும் எளிதில் அதற்கு இரையாகின்றன. அவ்விலங்கின் இடத்தைப் பறித்துக்கொண்டு, அதன் கடமையில் மட்டும் ‘எனக்கு மனம் வரவில்லை’ என்பது நேர்மையாகாது.

இங்ஙனம் கூறுவதால், கணக்குக் காட்டிக் கொல்பவரெல்லாம் அறவோர் ஆகிவிட மாட்டார். ‘மந்தையின் நன்மைக்காக’ என்னும் சொல் பேராசைக்கு நல்லதொரு போர்வை. இளங்கறி மென்மையானது என்பதற்காகச் சுட்டுவிட்டு, காட்டின் நலத்தைக் காரணமாகக் கூறுவோரும் உண்டு. இதனை எங்ஙனம் பிரித்தறிவது? பாரதமே ஒரு வழி காட்டுகிறது. மான் வடிவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு எய்துவிடுகிறான். மானை எய்தல் அரசர்க்கு உரிமை என்று அவன் வாதிடுகிறான். மானைக் கொன்றதற்காக உன்னைப் பழிக்கவில்லை, கூடியிருந்த வேளை முடியும்வரை காத்திராத கொடுமைக்காகவே பழிக்கிறேன் என்பது முனிவரின் மறுமொழி. உரிமை இருப்பதனால் முறை இல்லாமற் போய்விடாது என்பதே இதன் சாரம். காத்திருக்க முடிந்தும் காத்திராதவன், வரிசை அறிந்தும் அதனைப் பேணாதவன், பின்விளைவை எண்ணிப் பாராதவன் ஆகியோர் எந்தக் கணக்கைக் காட்டினாலும் குற்றவாளிகளே.

மேலும் ஒன்று. கணக்கின்படி கன்றைச் சுடவேண்டிய இடத்திலும் கை சற்றே நடுங்குதல் வேண்டும். நடுக்கமே இல்லாமல் சுடக் கற்றவன், அடுத்த முறை கணக்கே பாராமல் சுடுவான். அறிவு இரக்கத்திற்கு வழிகாட்டலாம், அதனைக் கொன்றுவிடலாகாது.

நமக்குரிய பாடம்

இவ்வினா நம் நாட்டு எல்லைக்குள்ளும் உயிரோடு இருக்கிறது. அந்தமான் தீவுகளில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் புள்ளிமான்களைக் கொண்டுவந்து விட்டனர். அங்கே அவற்றைத் தின்னப் புலியுமில்லை, சிறுத்தையுமில்லை. அவை பெருகிப் பரவி இளமரக் கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடர்ப்படுகிறது என்று ஆய்வாளர்கள் எடுத்துரைக்கின்றனர். முன்பு ராஸ் தீவு எனப்பட்டு, 2018-இல் நேதாஜியின் பெயர் சூட்டப்பெற்ற தீவுக்குச் செல்லும் நம் குடும்பங்கள், இடிந்த மாளிகைகளிடையே உலவும் மான்கன்றைக் கண்டு மகிழ்கின்றன. குழந்தைகள் அதனைத் தடவிக் கொடுக்க விழைகின்றனர். மகிழட்டும். ஆனால், அத்தீவுகளில் முளைத்திருக்க வேண்டிய மரங்கள் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இல்லாத ஒன்றைக் கண் எவ்வாறு காணும்? மான்மீது குற்றமில்லை. கொண்டுவந்து விட்டவன் பின்விளைவை எண்ணவில்லை என்பதே குற்றம்.

துப்பாக்கி ஏந்தாத நமக்கும் சிறியோர்மீது அதிகாரம் உண்டு. வீட்டிலும் உண்டு, அலுவலகத்திலும் உண்டு. பணியில் இறந்தவரின் குடும்பத்திற்குக் கருணை அடிப்படையில் வேலை தரும் விதியை மத்திய அரசு அலுவலகங்களில் நாம் அறிவோம். நேரடி நியமனத்திற்குரிய இடங்களில் நூற்றுக்கு ஐந்து என்று அதற்கொரு வரம்பு உண்டு. கருணைக்கும் கணக்கா என்று புதியவர் வியப்பர். கைக்குழந்தையோடு மேசை முன் வந்து நிற்பவரைக் கண்டு நம் நெஞ்சு கசிகிறது, கசிய வேண்டும். ஆனால் அவரினும் வறியவர் ஒருவர், தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ வந்துபோகப் பயணச் செலவுக்கு வழியின்றி, தொலைவில் ஒரு சிற்றூரில், அஞ்சற்காரரை எதிர்நோக்கி அமர்ந்திருப்பார். கோப்பில் அவர் ஒரு பெயர் மட்டுமே. வந்து நின்றவருக்காக அப்பெயரைக் கீழே தள்ளும் கை, இரக்கம் என்னும் பெயரால் அநீதியே செய்கிறது. மேசைக்கு வரமுடியாதவரும் நம் இரக்கத்திற்கு உரியவர் என்று நினைக்கும் கையே நல்ல கை.

பிள்ளை வளர்ப்பிலும் இதுவே. கேட்டு அழும் பிள்ளைக்கே கொடுத்துப் பழகிய வீட்டில், கேளாத பிள்ளை வாடுவதை நாம் கண்டதில்லையா?

சேக்கிழாரின் வேடர் ஏன் கன்றுகளையும் கருவுற்ற பிணையையும் விட்டனர் என்று தொடக்கத்தில் வினவினோம். இப்போது அதற்கு ஒருவாறு விடை கூறலாம். அம்பு பாயும் இடத்தோடு அவர்கள் பார்வை நின்றுவிடவில்லை. கருவுற்ற பிணைக்குள் இன்னோர் உயிர் இருப்பதை, கண்ணுக்குத் தெரியாத அதனை, அவர்கள் கண்டனர். கன்றை விட்ட அவ்வேடரும், காட்டின் நிலையறிந்து கன்றைச் சுடும் இன்றைய அறிவாளரும் செயலால் வேறுபட்டாலும், ‘இதன் பின் என்ன?’ என்று கேட்பதனால் ஓரினத்தவரே. அக்கேள்வியைக் கேளாமல் சுடுபவனும், அக்கேள்வியைக் கேளாமல் விடுபவனும் மற்றோர் இனத்தவர்.

கண்ணிற் படுவதற்கு இரங்குதல் மனிதத் தன்மை. கண்ணிற் படாததற்கும் இரங்குதல் அறம். இரண்டையும் ஒருங்கே பெற்ற நெஞ்சினராய் நம் இளைய தலைமுறை வளர்க, வாழ்க.